பிழைகாண் கருவியும் அதன் முகப்பும்

கைப்பேசிச் செயலி ஆக்க முயலும் மாணவர் பலர் ஒருநாள் ஓர் இடுக்கணுக்கு உள்ளாகின்றனர். செயலி திறந்த கணத்தே மூடிக்கொள்ளும். ஜாவா, காட்லின் மொழிகளில் எழுதிய பகுதியாயின், பிழை நேர்ந்த வரியின் எண் பெரும்பாலும் உடனே தெரியவரும். ஸி, ஸி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதிய பகுதியோ நினைவகத்தை நேரே ஆள்வது. ஆதலின் ஓரிடத்துச் செய்த பிழை பிறிதோரிடத்தே வெளிப்படும். அங்ஙனம் மறைந்துறையும் பிழையை நாடிக் காண உதவும் கருவியே டீபக்கர். அதனை மாணவர் எவ்வாறு பயிலல் வேண்டுமென்பது பற்றி நம் கருத்தை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ஆம் ஆண்டில் இயற்றிய ஜி.டி.பி. என்னும் கருவி நெடுங்காலம் இத்துறையில் கோலோச்சியது. 2009-இல் ஆண்ட்ராய்டு என்.டி.கே. வெளிவந்த பின்னர்க் கைப்பேசிக்கும் அதுவே பயன்பட்டது. ஆயின் அதனை நேரே கையாள்வார் படும் பாடு சிறிதன்று. கைப்பேசியில் ஒரு துணைநிரலை இயக்கல் வேண்டும். கணினியை அதனோடு இணைத்தல் வேண்டும். செயலிக்குரிய குறியீட்டுக் கோப்புகள் இருக்குமிடத்தைக் காட்டல் வேண்டும். கோப்புப் பொருந்தாவிடின், சார்புகளின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் வெறுங் கேள்விக்குறிகளே நிற்கும். நாமும் பழைய கோப்பொன்றை வைத்துக்கொண்டு மூன்று மாலைப்பொழுதுகளை வீணே போக்கினோம். பிழையைத் தேடிய நேரம் சிறிது. கருவியோடு போராடிய நேரமே பெரிது.

இந்நிலை இன்று மாறிவிட்டது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 2015 முதல் எல்.எல்.டி.பி. என்னும் கருவியை உள்ளே அமைத்து, அதற்கு இனியதொரு முகப்பை அளித்து வருகின்றது. 2022-இல் என்.டி.கே.யிலிருந்து ஜி.டி.பி. நீக்கப்பெற்றது. இம்முகப்பில், நிரல்வரியின் ஓரத்தைச் சொடுக்கினால் அங்கே நிறுத்துமிடம் அமையும். ஓட்டம் நின்றதும், மாறிகளின் மதிப்பும், எச்சார்பு எதனை அழைத்ததென்னும் வரிசையும் கண்முன்னே விரியும். ஜாவாப் பகுதியும் ஸி பிளஸ் பிளஸ் பகுதியும் ஒரே சாளரத்தில் ஆராயப்படும்.

முகப்பை நாடுவோர் சோம்பர். கட்டளைகளை மனப்பாடம் செய்தவரே வல்லுநர் என்று கூறுவாரும் உளர். அவர் கூற்று நமக்கு உடன்பாடன்று. பிழை ஏன் நேர்ந்ததென்று சிந்திப்பதே கல்வி. இணைப்புக் கட்டளையில் ஓரெழுத்துத் தவறியதைத் தேடித் தளர்வது கல்வியாகாது. அத்தளர்ச்சியால், 'இது எனக்கு வாராது' என்று இத்துறையையே கைவிடும் மாணவர்க்கு நேரும் இழப்பை யார் ஈடுசெய்வர்?

எனினும் அவர் கூற்றில் ஓர் உண்மையும் உண்டு. வேகத்தின்பொருட்டுச் செம்மைசெய்து தொகுத்த நிரலில், சில மாறிகளின் மதிப்பு கிட்டவில்லையென முகப்பு உரைக்கும்; சில வரிகள் முன்பின்னாக ஓடுவனபோல் தோன்றும். தொகுப்பி அம்மாறியை அகற்றியிருக்கலாமென்று அறியாதவர் கருவியையே பொய்யென்பர். முகப்பு காட்டுவதை நம்பவும் ஐயுறவும், அதன் பின்னே நிகழ்வதை அறிந்தவர்க்கே இயலும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. தொடக்க மாணவர்க்கு முகப்பையே முதற்கண் அளிக்க. பிழையொன்றைத் தாமே கண்டுபிடித்து மகிழ்ந்த பின்னர், அதே சாளரத்தில் உள்ள எல்.எல்.டி.பி. பகுதியைத் திறந்து, சொடுக்கிச் செய்ததையே கட்டளையாலும் செய்யப் பயிற்றுக. அழைப்பு வரிசையை வேண்டும் 'பி.டி.' என்னும் ஈரெழுத்துக் கட்டளையே தொடக்கத்திற்குப் போதும். மாணவ நண்பர்காள்! எளிய வாயில் வழியே புகுதல் இழிவன்று; வாயிலிலேயே நின்றுவிடுதலே இழிவு.