பலவீனம் என்று ஒன்று உண்டா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை நண்பர் ஒருவர் குடும்பத்துடன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். அவர் என் மகனிடம் ஏதோ வினவ, அவன் விடை கூறாமல் கதவோரம் ஒதுங்கி நின்றான். நான் சிரித்துக்கொண்டே, "இவன் கொஞ்சம் பலவீனமான பிள்ளை, நாலு பேர் முன்னால் பேச வராது" என்றேன். அடுத்த வாரம் வகுப்பில் செய்யுள் ஒப்புவிக்க அழைத்தபோது அவன் எழுந்திருக்கவே இல்லையாம். ஏன் என்று கேட்ட தாயாரிடம், "எனக்குத்தான் வராது என்று அப்பாவே சொன்னாரே" என்றிருக்கிறான்.

அன்று முதல் இச்சொல்லைப் பற்றியே சிந்தித்து வருகிறேன். எனக்கும் இது புதிதன்று. ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் டிக்கெட் கவுண்டரில் அமர்ந்திருந்தேன். சீட்டையும் சில்லறையையும் இருமுறை பாராமல் கொடுக்க என் கை துணியாது. வரிசையில் நிற்போர் முணுமுணுப்பர். 'மந்தம்' என்ற பெயர் எனக்கு நிலைத்தது. பின்னர்ப் பார்சல் பகுதிக்கு மாற்றினார்கள். உத்தரப் பிரதேசத்துக் கோண்டாவுக்குச் செல்லவேண்டிய மூட்டையொன்று, ஒருநாள் நம் மகாராஷ்டிரத்துக் கோந்தியாவுக்கென்று பதிவாகியிருந்தது. எதையும் இருமுறை படிக்கும் பழக்கத்தால் அது என் கண்ணில் பட்டது. கவுண்டரில் குற்றமாயிருந்த சுபாவம் இங்கே குணமாயிற்று. மாறியது நான் அமர்ந்த இடந்தான்.

பெரியோர் வாழ்விலும் இதனைக் காண்கிறோம். காந்தியடிகள் 1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பி, அந்நாளைய பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கை ஏற்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுழன்றது. ஒரு கேள்வியும் எழவில்லை. தாம் பெற்ற 30 ரூபாயைத் திருப்பிப் பெற்றுக்கொண்டு வேறு வக்கீலை அமர்த்துமாறு கூறி வெளியேறினார். 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவரே, இரு இந்திய வணிகர்களுக்கிடையே நிகழ்ந்த 40,000 பவுன் வழக்கில் கணக்கேடுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். இருவரையும் மத்தியஸ்தத்திற்கு இசையவைத்தார். தோற்றவர் சுமார் 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் ஒருசேரக் கொடுத்தால் அழிந்துபோவார் என்றறிந்து, தவணையில் பெற்றுக்கொள்ளத் தம் கட்சிக்காரரையும் சம்மதிக்கச் செய்தார். தம் கூச்சமே சொற்களைச் சிக்கனமாகக் கையாளத் தமக்குக் கற்பித்தது என்று சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார்.

அப்படியாயின் பலவீனம் என்பதே இல்லையா? அவ்வாறு கூறிவிடவும் இயலாது. அன்று அந்த நீதிமன்றத்தில், அவருடைய கட்சிக்காரருக்கு வாய் திறக்கும் வக்கீல் ஒருவர் தேவைப்பட்டார். என் கவுண்டரில் காத்திருந்தவருக்கோ வண்டி புறப்படும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நேர்ந்த தொல்லையைச் 'சுபாவம்' என்று சொல்லித் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. இயலாமை உண்மை, பயிற்சியும் வேண்டும். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு வேலையில், குறிப்பிட்ட ஒரு காலத்தில் உள்ள இயலாமை. "இது இவனுக்கு இன்னும் வரவில்லை" என்றால் அது ஒரு செய்தி. "இவன் பலவீனன்" என்றாலோ அது தீர்ப்பு. தீர்ப்பைக் கேட்ட குழந்தை முயற்சியை விட்டுவிடுகிறது.

பிற மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இத்தீர்ப்பு எளிதில் வழங்கப்பட்டுவிடுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் மராத்தியும் ஆங்கிலமும்! எம்மொழியில் விடை சொல்வது என்று குழந்தை ஒரு கணம் தயங்கினால், அத்தயக்கத்தை அறிவுக் குறைவென்று நாம் எண்ணிவிடுகிறோம்.

நான் மகனை அருகழைத்து, "அப்பா அன்று சொன்னது தவறு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆயினும் இப்போது ஞாயிறுதோறும் ஊரிலுள்ள பாட்டிக்குத் தொலைபேசியில் ஒரு செய்யுள் சொல்லுகிறான். வகுப்பில் இன்னும் எழுந்து நின்றானில்லை. அதற்கு நாளாகலாம், காத்திருக்க நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் யாரையேனும் இப்பெயரால் அழைத்திருப்பின், அவர் எந்த வேலையில், எவ்விடத்தில் தயங்குகிறார் என்று ஒருமுறை உற்று நோக்குங்கள். பிறகு அப்பெயரை உபயோகிக்க உங்களுக்கு மனம் வராது.