கடுவன் பூனையும் கோணிப்பையும்



பஞ்சும் நூலும் தானியமும் சேர்த்து வைக்கப்படும் இராஜபாளையத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. எலி இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கும். பால்கோவாவுக்காக நாள் முழுதும் பால் காய்ந்துகொண்டிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பூனைக்குத் தனி அழைப்பே தேவையில்லை. ஆகவே இவ்விரு ஊர்களின் இல்லங்களிலும் பூனைக்கு எப்பொழுதும் ஓர் இடம் உண்டு. பிள்ளைகள் தெருவிலிருந்து தூக்கி வரும் குட்டியைப் பெரியவர்கள் இரண்டு நாள் கடிந்துகொள்வார்கள். மூன்றாம் நாள் அவர்களே அதற்கு மீன் முள்ளை எடுத்து வைப்பார்கள்.

தொல்லை பின்னர்தான் தொடங்குகிறது. குட்டி கடுவனாக இருந்து, ஆறேழு மாதமும் நிரம்பிவிட்டால், ஒரு நாள் அது புதுச் சோபாவின் பக்கத்தில் வாலை உயர்த்தி நிற்கிறது. மறுநாள் பீரோ நனைகிறது. அடுத்த நாள் மடித்து வைத்த தொழுகை விரிப்பும் தப்புவதில்லை. வீடெங்கும் நெடி. இல்லத்தரசி பொறுமை இழக்கிறார். "கோணிப்பையில் கட்டி, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்" என்று தீர்ப்பாகிவிடுகிறது.

இத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு முன் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. அவற்றைப் பற்றியே இம்மாதம் பேசுவோம்.

அது ஏன் அவ்வாறு செய்கிறது?

நம்மைப் பழிவாங்குவதற்காகப் பூனை இதைச் செய்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். பருவமடைந்த கடுவன் தன் எல்லையைக் குறிக்கிறது. 'இது என் இடம்' என்று மற்றக் கடுவன்களுக்கும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பெட்டைகளுக்கும் அறிவிக்கிறது. எழுத்து அறியாத அந்த வாயில்லா ஜீவனுக்கு வாடையே கடிதம்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்களின் மேற்கே தெரியும் மலையைப் பாருங்கள். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்காடு, 2021-ஆம் ஆண்டு மேகமலையோடு இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. காட்டிலே புலி தன் எல்லையைக் குறிக்கும் முறையும் இதுவே: மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி, அடிமரத்தின்மீது சிறுநீரைப் பீய்ச்சுகிறது. மலைமேல் புலி மரத்துக்குச் செய்வதை, மலையடிவாரத்து வீட்டில் நம் பூனை பீரோவுக்குச் செய்கிறது. படைத்தவன் இரண்டிற்கும் வழங்கிய இயல்பு ஒன்றுதான்.

கடுவனின் சிறுநீர் இத்துணை வீச்சமடிப்பதற்கும் காரணம் உண்டு. ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த பொருள் பூனையின் சிறுநீரில் இருக்கிறது. பருவமடைந்த ஆண் பூனையில் அது மிகுதி. காற்றுப்பட்டு அது சிதையச் சிதைய நெடி ஏறும். நேற்றுக் கழுவிய இடம் இன்று மீண்டும் வாடையடிப்பது இதனால்தான்.

நோயா, எல்லைக் குறியா?

முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். நின்றவாறே, வால் துடிக்க, செங்குத்தான பரப்பின்மீது சிறிதளவு பீய்ச்சினால் அது எல்லைக் குறி. குந்தி அமர்ந்து மெத்தையிலோ துணிக்கூடையிலோ மிகுதியாகக் கழித்தால், அதன் கழிப்பிடத்தில் ஏதோ குறை இருக்கிறது, அல்லது உடலில் நோய் இருக்கிறது.

மூன்றாவது நிலை ஒன்றுண்டு, அதுவே அபாயமானது. கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது, அது அடைபடக்கூடும். பூனை அடிக்கடி குந்துவதும், முக்குவதும், கத்துவதும், ஓயாமல் பின்புறத்தை நக்குவதும், சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ வெளியேறுவதும் அடைப்பின் அடையாளங்கள். முற்றிலும் அடைபட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அப்பொழுது கைவைத்தியம் செய்துகொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நமக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கப் போதுமானது.

நோய் இல்லையென்றால் கழிப்பிடத்தைக் கவனியுங்கள். அகலமான பிளாஸ்டிக் தட்டில் மணலோ மரத்தூளோ பரப்பி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், அது உண்ணும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். பூனைகள் இரண்டு என்றால் தட்டுகள் மூன்று வேண்டும். நாறும் கழிப்பிடத்திற்கு நாமே போகத் தயங்குகிறோம். பூனை தயங்குவதில் வியப்பென்ன?

பிறகு, அதன் கலக்கத்திற்குக் காரணம் யாதெனப் பாருங்கள். சன்னலோரம் வந்து உறுமும் அயல் கடுவன், புதிதாக வந்திறங்கிய மரச்சாமான், பெருநாளுக்கு வந்து தங்கிய விருந்தினர் கூட்டம், வீட்டில் பிறந்த குழந்தை, ரமளானில் தலைகீழாகும் உணவு நேரம் என இவற்றில் எதுவும் பூனையைக் கலக்கமுறச் செய்யும். அயல் பூனை தெரியும் சன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள். உணவை நேரம் தவறாமல் வையுங்கள். அடிப்பதும், அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்ப்பதும் வேண்டா. அச்சம் கூடினால் குறியிடுவதும் கூடுமேயன்றிக் குறையாது.

துப்புரவும் தூய்மையும்

பூனை நஜீஸ் அன்று என்ற செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்யவிருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபொழுது, அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவுக்கு, பூனைகள் நம்மைச் சுற்றி வரும் வீட்டுப் பிராணிகள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. ஆனால், அச்செய்தி பூனை வாய் வைத்த நீரைப் பற்றியது. அதைக் கொண்டு பூனையின் சிறுநீரும் தூய்மையானது எனக் கருதிவிடலாகாது. சிறுநீர் நஜீஸே; பட்ட விரிப்பையும் ஆடையையும் கழுவியே தொழ வேண்டும்.

கழுவும் முறை யாது? ஈரம் காய்வதற்குள் பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பின் தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுங்கள். என்சைம் கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசி வெயிலில் காயவிடுங்கள். மரச்சாமானாயின் அதே கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, வெறும் நீரால் பலமுறை துடைத்து, உலர்த்துங்கள். இலவம்பஞ்சு மெத்தையை முழுவதும் கழுவ இயலாது. தொல்லை ஓயும்வரை அதன்மேல் ரெக்ஸின் விரிப்பு இருக்கட்டும். தொழுகை விரிப்பைத் தொழுததும் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவது எளிய காப்பு.

இரண்டு பொருள்களை விலக்குங்கள். பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் புகை எழும். பினாயில் போன்றவற்றில் உள்ள சில பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க இயலாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கினால் நஞ்சாகும்.

முயன்று கழுவிய பின்னும் நெடி மட்டும் இலேசாக எஞ்சுகிறதே, தொழலாமா என்று சகோதரிகள் சிலர் கலங்குகின்றனர். போக்க முடியாத அந்த வாடை மன்னிக்கப்பட்டதென ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மார்க்கம் நம்மைச் சிரமத்தில் தள்ளுவதில்லை. எனினும் பூனையின் மூக்கு நம் மூக்கினும் கூர்மையானது. வாடை எஞ்சிய இடத்தை அது மீண்டும் தேடி வரும். ஆகவே அதன் பொருட்டும் நன்றாகக் கழுவுவது நலம்.

அறுவைச் சிகிச்சை

மேற்கூறிய யாவும் துணை வழிகள். எல்லைக் குறியிடுதலுக்கு நிலையான தீர்வு, நாட்டுப்புறத்தில் காயடித்தல் என்று கூறப்படும் விதை நீக்கமே. மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் சிறிய அறுவை இது. இதன்பின் ஏறத்தாழப் பத்துக் கடுவன்களில் ஒன்பது இப்பழக்கத்தை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. சிலவற்றுக்குச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். ஐந்தாறு மாதத்தில், பழக்கம் வேரூன்றுமுன் செய்வது சிறந்தது. உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். அங்கே வசதி இல்லையெனில், நெல்லை இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்ற வினா எழும். இதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. உண்ணப்படாத பிராணிகளைக் காயடிப்பதை ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் தடுக்கின்றன. பயன் கருதியோ தீங்கைத் தவிர்க்கவோ பூனைக்குச் செய்வதை ஹனஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. தீங்கில்லாத முறையில், தேவை கருதிச் செய்யலாம் என்று இக்கால அறிஞர் பலரும் கூறியுள்ளனர். உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் வீட்டு நிலையை விளக்கிக் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

கோணிப்பை தீர்வாகுமா?

இப்பொழுது அந்தக் கோணிப்பைக்கு வருவோம். வீட்டிலே உண்டு வளர்ந்த பூனையை அய்யனார் கோவில் அருவிப் பாதையிலோ செண்பகத்தோப்பிலோ அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? வேட்டை பழகாத அது பட்டினியால் சாகும். அல்லது நாய்க்கு இரையாகும். பிழைத்துக்கொண்டால் காட்டுப் பறவைகளையும் அணில் குஞ்சுகளையும் அதுவே இரையாக்கும். சந்தையில் விட்டாலோ, அங்குள்ள கடுவன்கள் அதைக் கடித்துக் குதறும். ஒரு பிராணி பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் அதைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

சட்டத்தை விடுங்கள். ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், பூமியில் கிடைப்பதைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நாம் அடைத்து வைக்கவில்லை, அவிழ்த்துத்தானே விடுகிறோம் என்று வாதிடலாம். ஆனால் இரைதேடப் பழகவிடாமல் மடியில் வைத்து வளர்த்த பின், அறியாத இடத்தில் விடுவதும் அதன் உணவைப் பறிப்பதன்றோ? சோபாவில் பட்ட நஜீஸ் இரண்டு வாளித் தண்ணீரில் போய்விடும். இந்தப் பழியை எதைக் கொண்டு கழுவுவது?

வைத்துக்கொள்ளவே இயலாத சூழ்நிலையும் சில வீடுகளில் இருக்கும். நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கலாம். அப்படியாயின் பூனையை விரும்பி ஏற்கும் ஒரு வீட்டைத் தேடி, அதன் குணத்தை மறைக்காமல் கூறி, கையில் ஒப்படையுங்கள். அதுவே பொறுப்பைக் கைமாற்றும் நேர்மையான வழி.

இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அந்த நாயால் ஊருக்குப் பெருமை கிடைத்தது. பூனையால் அப்படி ஒரு பெருமையும் கிடைக்கப்போவதில்லை. எந்தப் பெருமையும் தராத உயிரிடம் நாம் காட்டும் பொறுமையைப் படைத்தவன் அறிவான். பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொல்லை கொடுத்தவுடன் ஓர் உயிரை மூட்டை கட்டும் வீட்டில் வளரும் பிள்ளை, நாளை நாம் முதுமையில் படுக்கையை நனைக்கும் காலத்தில் என்ன செய்யும் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களைத் தூய்மையாகவும் இரக்கமுள்ளவையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.