ராடும் கிரேயும்

சித்தூர் மாவட்டத்தில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குப் பெயர்பெற்ற ஊராகும். அங்கு வந்து குவியும் கிளிமூக்கு மாங்காயில் பெரும்பகுதி கூழ் தயாரிக்கும் ஆலைகளுக்கே செல்கிறது. அதற்குக் கதிர்வீச்சின் உதவி தேவையில்லை. முழுப் பழத்தின் கதை வேறு. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்கா இந்திய மாம்பழத்துக்குத் தன் சந்தையைத் திறந்தபோது, பழம் குறைந்தது 400 கிரே அளவு கதிரை ஏற்றிருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பழ ஈயும் மாங்கொட்டை வண்டும் இனம் பெருக்க இயலாதவாறு செய்வதே இதன் நோக்கம். மகாராஷ்டிரத்து லாசல்காவ் நிலையத்தில் முதலில் தொடங்கிய இப்பணி பின்னர்க் கருநாடகத்து மாலூருக்கும் வந்தது.

இச்செய்தியைத் தோட்டக்காரர்க்கு எடுத்துரைக்க வேண்டிய களப்பணியாளரின் நிலை சற்றுச் சங்கடமானது. அவர் பார்வைக்கு வரும் தாள்கள் இரு தலைமுறையைச் சேர்ந்தவை. 1960-களில் டிராம்பேயில், அல்போன்சா பழம் கனிவதைத் தாமதப்படுத்த நடந்த ஆராய்ச்சிகள் 25 கிலோராட் என்று கூறுகின்றன. புதிய விதிகள் 400 கிரே என்கின்றன. இவற்றுள் எது பெரிது? 25-ஐயும் 400-ஐயும் மட்டும் நோக்குபவர் புதியதே பெரிது என்பார். கிலோ என்பதை விரித்து 25,000 ராட் என்று படிப்பவர் பழையதே பெரிது என்பார். முன்னவரின் விடை சரி. ஆனால் அவர் அதை அடைந்த வழி சரியன்று. 25 கிலோராட் என்பது 250 கிரே ஆகும்.

கணக்கு எளிதே. 1953-இல் வகுக்கப்பட்ட ராட் என்பது ஒரு கிராம் பொருள் 100 எர்க் ஆற்றலை ஏற்பதைக் குறிக்கும். 1975-இல் சர்வதேச மாநாடு ஏற்ற கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பதாகும். ஒரு ஜூல் ஒரு கோடி எர்க். ஒரு கிலோ ஆயிரம் கிராம். ஆகவே ஒரு கிரே 100 ராட். ரூபாயை நூறு புதுக் காசாக்கிய 1957-ஆம் ஆண்டின் மாற்றத்தை விட இது சுலபம். அரையணாவுக்கு எத்தனை காசு என்று கடைக்காரருடன் வாதாட வேண்டிய தொல்லை இதில் இல்லை.

இடர்ப்பாடு எண்ணில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘எம்’ என்னும் எழுத்தைச் சிறியதாக இட்டால் மில்லி. பெரியதாக இட்டால் மெகா. மில்லிராடுக்கும் மெகாராடுக்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு கோடி மடங்கு. அவ்வேறுபாடு முழுவதையும் ஓர் எழுத்தின் உயரமே தாங்கி நிற்கிறது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ‘மி. ராட்’ என்று அச்சிட்டால் அது எதைக் குறிக்கும்? போதாக்குறைக்கு, மில்லியன் என்ற சொல்லின் தலையிலேயே மில்லி அமர்ந்திருக்கிறது. ஒன்று பத்து லட்சம். மற்றது ஆயிரத்தில் ஒரு பங்கு. நறுமணப் பொருள்களைத் தூய்மை செய்ய 10 கிலோகிரே, அதாவது ஒரு மெகாராட், தேவைப்படுகிறது. அதனை ‘1 மி. ராட்’ எனக் குறுக்கிய ஏடு ஒன்று வகுப்பறைக்குச் சென்றால், ஆசிரியர் அதனை ஐயமின்றி ஒரு மில்லிராட் என்றே கற்பிப்பார். அவர்மீது குறை கூற இயலாது. ஆகவே தமிழ் ஏடுகளில் கதிரலகுகளுக்குச் சுருக்கெழுத்தே கூடாது. மில்லி, மைக்ரோ, கிலோ, மெகா ஆகியவற்றை முழுச் சொல்லாகவே அச்சிடுதல் வேண்டும். இடம் வீணாகும் என்னும் வாதம் இங்கே எடுபடாது.

பத்தாலும் நூறாலும் பெருக்கித் தீராத மாற்றங்களும் உண்டு. பழைய கருவிகளில் காணப்படும் ராண்ட்ஜன் என்பது காற்றில் தோன்றும் மின்னூட்டத்தின் அளவு. பொருள் ஏற்ற ஆற்றலின் அளவு அன்று. ஒரு படி அரிசியும் ஒரு படி உமியும் படியில் சமம், நிறையில் சமமல்ல. அதுபோல ஒரு ராண்ட்ஜன் காற்றில் ஏறத்தாழ 0.88 ராடும், உடலின் மென்தசையில் ஏறத்தாழ 0.96 ராடும் ஆகும். ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிராயின் எலும்பு இன்னும் பன்மடங்கு ஏற்கும். எனவே பழைய நூல் ‘சுமார் 500 ராண்ட்ஜன்’ என்றால், காற்றின் எண்ணால் பெருக்கி 4.385 கிரே என எழுதுவது துல்லியம் போலத் தோன்றும் பொய். தசையைக் கருதிய இடமாயின், ஏறத்தாழ 5 கிரே என்று எழுதுவதே முறை.

சீவர்ட் என்பதும் அவ்வாறே தனி வகையைச் சேர்ந்தது. அது மனித உடலுக்கு விளையும் தீங்கைக் கணிக்கும் அலகு. காமாக் கதிராயின் ஒரு கிரேயும் ஒரு சீவர்ட்டும் எண்ணில் ஒன்றாக நிற்கும். ஆல்பாக் கதிராயின் கிரேயை இருபதால் பெருக்க வேண்டும். மாம்பழம் 400 சீவர்ட் பெற்றது என்று எழுதினால் எண் தற்செயலாகப் பொருந்தும், வாக்கியம் பொருளற்றது.

மருத்துவத் துறையினர் கண்டுகொண்ட சமரசம் சென்டிகிரே. ஒரு சென்டிகிரே ஒரு ராடேயாதலால் பழைய எண்கள் மாறாமல் நின்றன. நோயாளியின் உயிர் எண்ணைப் பொறுத்திருக்கும் இடத்தில் இஃது அறிவுடைய ஏற்பாடு. பள்ளிக்கும் வயலுக்கும் இது வேண்டாம். அங்கு இன்னுமோர் அலகு குழப்பத்தையே வளர்க்கும்.

இத்தனை கவலையும் எதற்கு எனலாம். முழு உடலும் குறுகிய நேரத்தில் ஏறத்தாழ 4 கிரே ஏற்றால், சிகிச்சை பெறாத மனிதருள் பாதிப்பேர் சில வாரங்களில் மடிவர். 2010-இல் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் கோபால்ட்-60 மூலம் உடைக்கப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். மாம்பழத்துக்கோ அந்த 4 கிரேயைப்போல் நூறு மடங்கு வேண்டும். 400 கிரே என்பதை 400 ராட் எனப் பிறழ எழுதினால் பழம் பெறுவது 4 கிரேயே; வண்டு கொட்டைக்குள் சுகமாக வாழும். மறுபக்கம், அமெரிக்க உணவு விதி பழத்துக்கு 1 கிலோகிரேக்கு மேல் அனுமதிப்பதில்லை. தாழ்ந்த எல்லைக்கும் உயர்ந்த எல்லைக்கும் இடையே இரண்டரை மடங்கு இடைவெளியே உண்டு.

மாணவர் வினவத்தக்க ஒன்று எஞ்சுகிறது: இவ்வளவு கதிர் ஏற்ற பழம் சூடேறாதா? கிலோவுக்கு 400 ஜூல் எனில், தண்ணீரே பெரும்பகுதியான பழத்தின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கே உயரும். கோபால்ட்டின் காமாக் கதிரால் பழம் கதிரியக்கம் பெறுவதும் இல்லை. இதைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம்.

பழைய அறிக்கைகளைத் தமிழாக்குவோர் மூல எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை மட்டும் இடும் வழக்கத்தையும் கைவிடுதல் நன்று. ‘25 கிலோராட் (250 கிரே)’ என இரண்டையும் நிறுத்தினால், மாற்றியவர் தவறியிருப்பினும் படிப்பவர் அதைக் கண்டுபிடிக்கலாம்.