பற்றுச்சீட்டு இல்லாத பசி

நமது வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. தேடிச் சென்றோம். பேசாலைக் கரையில் வாடியொன்றிலே கூலிக்கு நின்றான். சைக்கிளில் வந்த அவன் தந்தையை வாகனமொன்று மோதிக் காலை முறித்துவிட்டது. கடலுக்குப் போனவனுக்குச் சம்மாட்டி பங்கு கொடுப்பார். படுக்கையில் கிடப்பவனுக்குப் பங்கேது? மோதிய வாகனத்துக்குக் காப்புறுதி உண்டு. ஆனால் கம்பனி கேட்டது ஒரே கேள்விதான்: "வருமானத்துக்குச் சான்று எங்கே?"

"அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசந்தானே, பிறகென்ன செலவு?" என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: நோயாளியை மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்றினால், துணைபோகும் மனைவியின் பேருந்துக் கட்டணத்தை யார் தருவது? அங்கே அவள் உண்பதும் உறங்குவதும் எப்படி? வீட்டில் பிள்ளைகளுக்கு அடுப்பு மூட்டுவது யார்? கருவாடு உலர்த்தி அவள் தேடிய நாலு காசும் நின்றுபோகிறதே, அது எந்தக் கணக்கில் சேரும்? வைத்தியம் இலவசம், நோயாளியாயிருப்பது இலவசமன்று!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் கம்பனி சமரசத்துக்கு இசையாவிட்டால், காயப்பட்டவன் மாவட்ட நீதிமன்றம் ஏறி, சாரதியின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். கெடு வைத்தது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். செலவுக்கும் இழந்த உழைப்புக்கும் சான்று காட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரனிடம் சம்பளச் சீட்டு இருக்கும். பங்குத் தொழிலாளிக்குக் கடலா கையெழுத்திட்டுக் கொடுக்கும்?

காத்திருக்கும் வலிமை பணம் படைத்த தரப்புக்கே உண்டு. பசித்த குடும்பமோ நீட்டிய தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்திடும். இதற்குச் சமரசம் என்று பெயர்!

2021 மார்ச் 16ஆம் நாள் தலைமன்னார் பியரில் தனியார் பேருந்தொன்று புகையிரதத்துடன் மோதியது. பள்ளிச் சிறுவன் ஒருவன் மாண்டான். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். காயப்பட்டோர் தொகையோடு செய்தி முடிந்துவிடும். செலவோ அன்றுதான் தொடங்கும்.

வேறு வழி இல்லையா? பாக்குநீரிணைக்கு அப்பால், 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வாகன விபத்து நட்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்களுக்கு இந்தியா வழிசெய்தது. தமிழ்நாட்டில் அவை போக்குவரத்து, சத்துணவு, உதவியாள் எனத் தலைப்புப் பிரித்துத் தொகை விதிக்கின்றன. சான்றில்லாத தொழிலாளியின் வருமானத்தையும் தாமே மதிப்பிடுகின்றன. இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புண்டென்று 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம் உரைத்தது. அங்கும் தாமதம் உண்டு. ஆயினும் ஏழையின் அன்றாடம் வழக்கேட்டில் ஏறியிருக்கிறது. நியூசிலாந்திலோ 1974 முதல், குற்றவாளி யாரென்று கேளாமலே, விபத்தில் உழைப்பிழந்தவனுக்கு வருமானத்தின் 80 சதவீதம் வாராவாரம் கிடைக்கிறது.

நாம் கேட்பது பிச்சையன்று. காப்புறுதிப் பணம் மக்கள் கட்டிய பணம். விபத்து வழக்குக்குத் தனித் தீர்ப்பாயம் வேண்டும். தீர்ப்புக்கு முன்னரே அன்றாடச் செலவுக்கு இடைக்காலத் தொகை வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அத்தாட்சியைச் சான்றாக ஏற்க வேண்டும்.

அதுவரை, ஆசிரியர்களே, மாணவர்களே, நம்மாலானதைச் செய்வோம். விபத்துற்ற வீட்டுக்கு ஒரு கொப்பியுடன் செல்வோம். பேருந்துக் கட்டணம், கஞ்சி, இழந்த கடல் நாள் ஆகியவற்றை நாளிட்டு எழுதிக் கொடுப்போம். பசிக்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், அதை எழுதிக் கொடுக்க எழுத்தறிந்த நாம் இருக்கிறோம்.