'நன்று' என்கிற சொல்லுக்குள் சாதி

போன மாதம் வில்லியனூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சேரியில் முதன்முதலாக அரசு வேலைக்குப் போன பெண். கையில் நாலாக மடித்த தாள். ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கை.

"தம்பி, இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடு. பதினஞ்சு நாளுதான் டைமாம். ஒம்போது நாளு ஓடிப்போச்சு."

பிரித்துப் படித்தேன். கோப்புகளை நேரத்துக்கு முடிக்கிறார், விடுப்பு குறைவு என்றெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. கடைசியில் இரண்டு வரி. தமிழில் சொன்னால்: 'மேலதிகாரிகளிடம் பணிவு போதாது. எளிதில் உணர்ச்சிவசப்படுபவர்.' தரம்: நன்று.

"நல்லான்னுதானே போட்டிருக்காங்க அக்கா?"

"அந்த நல்லாவாலதான் இருபது வருச சர்வீசுக்கு வர்ற சம்பள உயர்வு நிக்கப்போவுது. அதுக்கு 'மிக நன்று' வேணும்."

"அப்படி என்ன நடந்துச்சு?"

"டீ வாங்கியாரச் சொன்னாரு. அது என் வேலை இல்ல சார்னு சொன்னேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான். அதே பதிலை ஊர்த்தெரு ஆண் ஒருவர் சொல்லியிருந்தால் 'விதிமுறை அறிந்தவர், கண்டிப்பானவர்' என்று எழுதியிருப்பார்கள். அக்கா சொன்னதால் அது பணிவின்மை. பெண் என்பதால் கூடுதலாக ஒரு வரி, உணர்ச்சிவசப்படுபவர். ஒரே வாக்கியத்துக்கு இரட்டைத் தண்டனை. இதில் 'சாதி' என்ற சொல்லும் இல்லை, 'பொம்பளை' என்ற சொல்லும் இல்லை. அதனால் வன்கொடுமைச் சட்டமும் இந்தத் தாளின் கிட்டே வராது.

இந்த மொழி நமக்குப் புதிதல்ல. பாகூர் ஏரிப் பாசனத்தில் காலமெல்லாம் நடவு நட்ட என் ஆயாவைப் பற்றிப் பண்ணைக்காரர் சொன்ன பாராட்டு, 'நல்ல ஆளு, நிமிந்து பாக்க மாட்டா' என்பது. ஆயா எத்தனை காணி நட்டாள் என்பது அந்தப் பாராட்டில் இல்லை. இதே பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த கதையை 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு பெருமையாகப் பேசுகிறது. அந்த ஊர்களின் சேற்றில் நின்றவர்களுக்கு அந்த வித்தையில் இடமில்லை. யார் தகுதியுள்ளவர் என்று எழுதும் எழுத்தாணி ஆயிரம் ஆண்டுகளாக ஒரே பக்கத்துக் கையில் இருக்கிறது.

மத்தியப் பணியாளர் துறை 2009-இல் வகுத்த முறைப்படி, செய்து முடித்த வேலைக்கு 40 விழுக்காடு, ஆளின் குணத்துக்கு 30, பணித்திறனுக்கு 30. வேலையை எண்ணிப் பார்க்கலாம். குணத்தை எந்தப் படியால் அளப்பது? அந்த 30-க்குள்தான் சாதி செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் நுழைகிறது.

எழுத்தர் நிலையில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புதுவை அமைச்சரவையில் இடம்பெற்ற பெண் சந்திர பிரியங்கா. நெடுங்காடு தனித் தொகுதியில் இரண்டு முறை வென்றவர். 2023 அக்டோபரில், சாதி ரீதியாகவும் பாலின ரீதியாகவும் தாக்கப்படுகிறேன் என்று எழுதிவிட்டு அவர் பதவி விலகினார். அவர் செயல்பாட்டில் முதல்வருக்குத் திருப்தி இல்லை என்று அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் விளக்கம் சொன்னார். இதில் தீர்ப்பெழுத நான் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'திருப்தி இல்லை' என்பதற்கு அளவுகோல் எது? அதே அளவுகோலை மற்ற அமைச்சர்கள் மேல் வைத்துப் பார்த்தவர் யார்?

உலகமெங்கும் இதே கதைதான். அமெரிக்காவில் கீரன் ஸ்னைடர் என்பவர் 2014-இல் 248 பணி மதிப்பீடுகளைப் படித்துப் பார்த்தார். 'உரசுகிற ஆள்' என்கிற பொருளுள்ள சொல் பெண்களுக்கு மட்டுமே விழுந்திருந்தது, ஆண் ஒருவருக்கும் இல்லை. இங்கே, 2016-இல் ஜேஎன்யூவின் அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டில் பாகுபாட்டின் தடம் தெரிவதாகச் சொல்லி, நேர்முகத்துக்கான 30 மதிப்பெண்ணை 15 ஆக்கச் சொன்னது. பெயர் தெரியாத விடைத்தாளில் தேறுகிற பிள்ளை, முகம் தெரிந்ததும் ஏன் சறுக்குகிறது?

கசப்பான இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் நடத்திய ஒரு சோதனையை 2012-இல் வெளியிட்டார்கள். விடைத்தாள்களின் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. குறைத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களே. எதிரியின் தராசு நம் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது தோழர்களே. நம்மில் ஒருவர் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து நம் பிள்ளைக்கு 'அடக்கம் தேவை' என்று எழுதும்போது, பண்ணைக்காரரின் குரலில்தான் எழுதுகிறார்.

என்ன செய்வது? 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மதிப்பீட்டில் எழுதிய ஒவ்வொன்றையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும். 'மிக நன்று' தேவைப்படுகிற இடத்தில் 'நன்று' என்று எழுதினால் அதுவே பாதகம்தான். அந்த உரிமையைக் கையில் எடுப்போம். தாளைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து நாளுக்குள் பதில் எழுதுங்கள். அழுது எழுதாதீர்கள், கேள்வியாக எழுதுங்கள்.

அக்காவுக்கு அன்று இரவே எழுதினோம். 'பணிவு போதாது என்பதற்கான சம்பவம், தேதி குறிப்பிடப்படவில்லை. தேநீர் வாங்கி வருவது என் பணிப் பட்டியலில் இல்லை. வேலைப் பகுதியில் குறை எதுவும் எழுதப்படாத நிலையில் தரம் குறைந்ததற்குக் காரணம் கோருகிறேன்.' அக்கா ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இதுக்கும் பணிவு இல்லன்னு எழுதுவாங்க தம்பி" என்றார். எழுதட்டும். அதற்கும் பதில் எழுதுவோம்.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில், உங்கள் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், அந்தச் சொற்கள் மட்டும் போதும். அடுத்த இதழில் வரிசையாக அச்சிடுவோம்.