இருக்கையில் இருப்பதே உழைப்பா?

இரவு எட்டு மணிவரை இருக்கையை விட்டு எழாதவரைக் கடும் உழைப்பாளி என்றும், வேலையை முடித்துவிட்டு நேரத்தோடு கிளம்புபவரை ஈடுபாடு இல்லாதவர் என்றும் எண்ணும் வழக்கம் நம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. வாரத்துக்கு 70 மணி நேரம், 90 மணி நேரம் என்று பெருநிறுவனத் தலைவர்கள் பேசியபோது எழுந்த விவாதமும் பெரும்பாலும் மணிக்கணக்கைச் சுற்றியே நின்றது. கண்ணில் படும் பரபரப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் மேலதிகாரி உண்மையில் தன் நிறுவனத்துக்கே கேடு செய்கிறார். உழைப்பவரின் ஊக்கத்தைக் கெடுத்து, நடிக்கத் தெரிந்தவரை அவர் வளர்க்கிறார்.

சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனம் ஷாங்காயிலுள்ள தன் அழைப்பு மையத்தில் நடத்திய சோதனை இதற்கு வலுவான சான்று. விருப்பம் தெரிவித்த ஊழியர்களில் ஒரு பிரிவினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் ஒன்பது மாதத் தரவை ஆராய்ந்ததில், வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. ஆனால், அதே அளவு திறன் காட்டிய அலுவலக ஊழியர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. ஒவ்வோர் அழைப்பும் கணக்கில் ஏறும் இடத்திலேயே இப்படியென்றால், வேலையை எண்ணிப் பார்க்க முடியாத துறைகளில் என்ன நடக்கும்? ஆய்வாளர் எரின் ரீட் ஓர் ஆலோசனை நிறுவனத்தை ஆராய்ந்து 2015-ல் விடை சொன்னார். சத்தமில்லாமல் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, எந்நேரமும் உழைப்பவர்போல் தோற்றம் காட்டிய ஆண்களுக்கும் நல்ல மதிப்பீடு கிடைத்தது. குறைந்த நேரம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவர்களே தண்டிக்கப்பட்டார்கள்.

நேர்மைக்குத் தண்டனையும் பாவனைக்குப் பாராட்டும் கிடைத்தால் ஊழியர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, கணினி விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பொய்யாகக் காட்டியதற்காகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தது. அவர்கள் செய்தது தவறுதான். ஆனால், விசை தட்டுவதை உழைப்பின் அளவுகோலாக்கும் இடங்களில் இத்தகைய ஏமாற்று முளைக்கத்தான் செய்யும்.

கண்காணிப்பு இல்லையென்றால் சிலர் ஓபி அடிப்பார்கள் என்பது உண்மை. அவர்களைப் பிடிக்கவும் சரியான வழி, ஒப்புக்கொண்ட வேலை முடிந்ததா, தரமாக இருக்கிறதா என்று பார்ப்பதே. நாள் முழுக்க இருக்கையில் அமர்ந்தபடியே வேலையைத் தட்டிக்கழிக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். செவிலியர், தீயணைப்பு வீரர், காவலாளி போன்றோருக்கு அந்த இடத்தில் இருப்பதே பணியின் பகுதி என்பதும் சரியே. அந்த நியாயத்தைக் கணக்கு எழுதுபவருக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. நேரம் கூடினால் விளைவும் கூடும் என்ற வாதமோ தொழிற்சாலையிலேயே தோற்றுவிட்டது. முதல் உலகப் போர்க்கால பிரிட்டனின் வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களின் பதிவேடுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் மறு ஆய்வு செய்தபோது, வாரம் 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணி நேர உற்பத்திக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தெரிந்தது.

வேலையின் பயனை அளப்பது கடினம் என்பதை மறுக்கவில்லை. அந்தக் கடினமான பணிக்காகத்தான் மேலாளருக்குக் கூடுதல் சம்பளம் தரப்படுகிறது. இந்தக் காலாண்டில் இன்னது முடிய வேண்டும், இன்ன தரத்தில் முடிய வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஊழியரோடு பேசி எழுதிவைக்கட்டும். மதிப்பீட்டின்போது அந்தத் தாளை வைத்தே பேசட்டும். அப்படி எழுதித்தர முடியாத மேலாளர், ஊழியர் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று கேட்கும் தகுதியை இழக்கிறார்.