தொகுதிக்காகப் பிள்ளை பெறச் சொல்லாதீர்கள்

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று தம் மாநில மக்களிடம் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு திருமண விழாவில், மணமக்கள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்கள் என்னவாகும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அச்சம் நியாயமானது. வேண்டுகோள் நியாயமில்லை. தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தகுதியான தம்பதிகள் பதிவேடு என்று ஒன்று உண்டு. வீடு வீடாகப் போய் எழுதுவோம். பெயர், வயது, கல்யாணமான வருஷம், பிறந்த குழந்தைகள், உயிரோடு இருக்கும் குழந்தைகள். எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைசி இரண்டு கட்டங்களிலும் ஒரே எண் வந்த வீடுகள் குறைவு. பிறந்தது ஆறு, இருப்பது நாலு. பிறந்தது அஞ்சு, இருப்பது மூணு. வயிற்றுப்போக்கில் ஒன்று போயிருக்கும், தட்டம்மையில் ஒன்று. “ரெண்டு தங்கணும்னா நாலு பெத்தாத்தானே நர்சம்மா” என்பார்கள் மாமியார்கள். அதை அறியாமை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கண்ணால் கண்ட கணக்கைத்தான் அவர்கள் சொன்னார்கள். 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயதை எட்டவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 13.

குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும் ஊர்ச் சுவர்களில் வெகுகாலமாக இருந்தன. பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார். ஆனாலும் எங்கள் பகுதிப் பெண்கள் தாமாகவே வந்து “ஆபரேஷனுக்கு எப்பக்கா கூட்டிட்டுப் போவீங்க?” என்று கேட்க ஆரம்பித்தது, பதிவேட்டின் அந்த இரண்டு கட்டங்களிலும் ஒரே எண் விழத் தொடங்கிய பிறகுதான். 1985இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் வந்தது. புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தோம். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தபோது, நாலு பெறவேண்டிய தேவை போய்விட்டது.

இன்னொரு காரணம் பள்ளிக்கூடம். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பெண் பிள்ளைகளையும் வகுப்பில் உட்கார வைத்தது. எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் தரும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 1989இல் வந்தபோது, “எட்டு வரைக்குமாவது படிக்கட்டும்” என்று அப்பாக்கள் பேசியதைக் கேட்டேன். கல்யாணம் தள்ளிப்போனது. டவுன்பஸ் ஓடியது, பெண்கள் வேலைக்குப் போனார்கள், டியூஷன் ஃபீஸ் ஏறியது. எல்லாம் சேர்ந்ததுதான் காரணம். 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள் என்றிருந்த தமிழ்நாடு, 2020இல் 1.4க்கு வந்தது.

இந்தச் சாதனையைப் பாராட்டுகிறவர்கள் அதன் வலியைப் பேசுவதில்லை. 1996இல் கருத்தடை அறுவைக்கான டார்கெட் முறை கைவிடப்படும் வரை, மாதாந்திரக் கூட்டத்தில் எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது “எத்தனை கேஸ்?” என்பதுதான். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துப்போய் அறுவை செய்த பீதிக்குப் பிறகு, பாரம் முழுவதும் பெண்கள்மேல் இறங்கியது. இன்றும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ‘இரண்டு போதும்’ என்பதை ‘இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்கவேண்டும்’ என்று புரிந்துகொண்ட வீடுகளில் பெண் சிசுக்களுக்கு என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் தொடங்கவேண்டி வந்தது அதனால்தான். அந்தப் பச்சிளம் பெண்களும் இந்தப் புள்ளிவிவரத்துக்குள் இருக்கிறார்கள்.

வடக்கே பெருகிக்கொண்டே போகிறார்கள் என்ற பேச்சும் முழு உண்மையில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி பீகாரில் 2015-16இல் ஒரு பெண்ணுக்கு 3.4 குழந்தைகள் என்றிருந்த விகிதம், 2019-21இல் 3 ஆனது. நாம் நடந்த பாதையில்தான் அவர்களும் தாமதமாக நடக்கிறார்கள். பிறப்பு குறைந்தவுடன் மக்கள்தொகை குறைந்துவிடாது. ஏற்கெனவே பிறந்தவர்கள் வளர்ந்து பெற்றோராக வேண்டும், முதியவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். 1971இல் 4.12 கோடியாக இருந்த தமிழ்நாடு, பிறப்பு குறைந்துகொண்டே வந்த காலத்தில்தான் 2011இல் 7.21 கோடியானது. வடக்கே பிறந்த இளைஞர்கள் இன்று ஓசூர் தொழிற்சாலைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் உழைக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் நம் செவிலியர்கள்தான் தடுப்பூசி போடுகிறார்கள்.

மேடையிலிருந்து கேட்டால் குழந்தைப்பேறு விகிதம் ஏறிவிடுமா? தென்கொரியா பல ஆண்டுகளாகப் பெரும் பணத்தைக் கொட்டியும் 2023இல் அங்கே அது 0.72தான். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இடம் இழக்கக்கூடாது என்பதற்காகத்தான் 1976இல் தொகுதி எண்ணிக்கை 1971 கணக்கோடு நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் அது 2026 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லி நாடாளுமன்றத்தில் போராடுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். ஆனால் ஒரு தலைமுறைக்கு ‘நிறுத்து’ என்றும் அடுத்த தலைமுறைக்கு ‘பெறு’ என்றும் பெண்ணின் வயிற்றுக்கு உத்தரவு போடாதீர்கள்.

இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்பட்டும் தயங்குகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். “யாருக்கா பார்த்துக்குவா?” என்பதுதான் அவர்கள் கேள்வி. தமிழக அரசு ஊழியருக்கு 12 மாதம் பேறுகால விடுப்பு உண்டு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு அப்படி ஒன்று நடைமுறையில் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இலேயே சட்டம் திருத்தப்பட்டது. முதலில் அந்தக் காப்பகத்தைத் திறந்து காட்டுங்கள்.